அப்பாவிடம் மட்டும்

பதினான்காம் நம்பர் கட்டிலில் வேறு ஒரு கிழவர் படுத்திருந்தார். பகமிலே இதை யோசித்தே பார்க்கவில்லை. அப்பா செத்தது செவ்வாய்க்கிழமை, இன்று சனிக்கிழமை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் நாலு நாள் சும்மா கிடக்குமா என்ன? ஆனாலும் வழி முழுக்க அவள் மனதில் இருந்தது வெள்ளைத் துணி விரித்த ஒரு காலிக் கட்டில்தான். அதன்மேல் இலந்தைக் கிளையை வைக்க வேண்டும், அப்பாவைக் குலப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் ஆவி கிளையில் வந்து உட்கார்ந்ததும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இப்போது கிளையை எங்கே வைப்பது? இந்தக் கிழவரின் கால்மாட்டிலா?

சித்தி மாசிபியா பின்னாலிருந்து முதுகில் இடித்தாள். "நின்னுட்டே இருக்காத. டாக்டரு வர்றதுக்குள்ள முடிச்சுரணும்னு அந்த நர்சுப் பொண்ணு சொல்லிருக்கு."

கிழவர் கண்ணைத் திறந்தார். முதலில் முள்ளைப் பார்த்தார், அப்புறம் அவள் முகத்தை.

"யம்மா, ஆள் மாத்திக் கூட்டிட்டுப் போயிராத. எனக்கு இன்னும் கஞ்சியே வரல."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரிக்கப் போய் இருமினார். சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. "பயப்படாதீங்க பெரியவரே. நாங்க மபாத்தா வீடு, எங்காளு நல்ல ஒசரம். உங்களத் தூக்கிட்டுப் போயி நாங்க என்ன பண்ண?"

கிழவர் காலை மடக்கி இடம் விட்டார். "வை, வை. எனக்கும் இப்பிடித்தான் யாராச்சும் வரணும். மவன் ஜோபர்க் பட்டணத்துல இருக்கான். வருவானோ மாட்டானோ."

பகமிலே கிளையை அந்த இடத்தில் வைத்தாள். போர்வையில் முள் மாட்டிக்கொண்டது. "அப்பா, நான் பகமிலே வந்திருக்கேன். ஷாண்டு, ந்தாபா வம்சத்து ஆளே, எந்திரிங்க. இங்க உங்களுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. வாங்க, உங்கம்மா படுத்திருக்கற எடத்துக்குப் போவோம்." குரல் நடுங்கவில்லை, அதில் அவளுக்கே ஆச்சரியம். முள்ளைப் போர்வையிலிருந்து மெதுவாகப் பிரித்துக் கிளையைக் கையில் எடுத்தாள்.

அந்த நிமிடத்தோடு அவள் வாய் மற்றவர்களுக்கு மூடிவிட்டது. கிளையைத் தூக்கி வருகிறவர், குழியில் பெட்டியை இறக்கும்வரை உயிரோடு இருக்கிற யாரிடமும் பேசக் கூடாது. செத்தவரிடம் மட்டும் பேசலாம். பேசியே ஆகவும் வேண்டும். படி வந்தால் படி என்று சொல்ல வேண்டும், ஆறு வந்தால் ஆறு என்று சொல்ல வேண்டும். நடுவில் வேறு யாருக்காவது ஒரு பதில் சொல்லிவிட்டால் போதும், அவர் அங்கேயே இறங்கி நின்றுவிடுவார். அப்புறம் கையில் இருப்பது வெறும் முள்ளுக் குச்சி. ரோட்டோரத்தில் நின்றுபோன ஆவியைத் திரும்பக் கூட்டிவந்ததாக பகமிலே இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அவளைத் தெரிந்தவர்கள் இரண்டு நாளாக இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டு முற்றத்தில் பெரிய பானைகளில் கறி கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "யாரு, பகமிலேயா தூக்கிட்டு வரப்போறா? அர நாளைக்கு வாய மூடிட்டா? கெழவன் பாதி வழியில எறங்கித் தானா நடந்துதான் வந்து சேரணும்" என்றாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உண்மைதானே. நில உரிமைக் கமிட்டிக்கு ஆறு வருஷமாக அவள்தான் செயலாளர். மந்திரி வந்தபோது மைக்கைப் பிடுங்கிப் பேசினவள் அவள். முறைப்படி கிளை தூக்குவது ஆண்பிள்ளை வேலை. ஆனால் அப்பாவின் அண்ணன் தம்பிகள் யாரும் மிச்சமில்லை, ஒரே மகன் மூஸி விடியற்காலையிலிருந்து பண்ணைக்குள் குழி வெட்டிக்கொண்டிருக்கிறான். கடைசி மூச்சில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யாரோ அவரே தூக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிடித்திருந்தது அவள்தான்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளிடம் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். ஒன்று, என்னை என் அம்மா பக்கத்தில் படுக்க வை. இரண்டு, நம்ம நெலத்து மனுவை விட்டுராத. அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் மூச்சு மட்டும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி வேன்கள் வரிசையாக நின்றன. டிரைவர் ஒரு சின்னப் பையன், காதில் கம்மல், பாட்டு காது கிழிகிற மாதிரி வைத்திருந்தான். "எத்தன பேரு?" என்றான்.

"மூணு" என்றாள் சித்தி.

இரண்டு பெண்களைப் பார்த்தான், கிளையைப் பார்த்தான், பாட்டை நிறுத்தினான், தொப்பியைக் கழற்றினான். எல்லாம் ஒரே மூச்சில். "பெரியவரு முன்னாடி ஒக்காருறாரா?"

"வேணாம்ப்பா. நீ ஓட்டறதப் பாத்தா அவரு இன்னொரு தடவ செத்துருவாரு."

பின் சீட்டில் ஜன்னலோரம் அப்பாவுக்கு, பக்கத்தில் அவள். கிளையைச் சீட்டின்மேல் வைத்து நுனியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிறைந்தது. கடைசியில் மூட்டையோடு ஏறிய ஒருவன் அந்த ஒரு சீட்டு சும்மா இருப்பதைக் கண்டு வேகமாக வந்தான். "ஆள் இருக்கு!" என்று வேன் மொத்தமும் கத்தியது. "எங்க?" என்றான். "ஒக்காரு, மடியில யாரு இருக்கான்னு அப்பத் தெரியும்" என்றாள் ஒரு கிழவி. அவன் கிளையைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தலையில் வைத்தபடி கதவோரமே வளைந்து நின்றுகொண்டான், ஒரு மணி நேரம்.

"அப்பா, வண்டி கெளம்பிருச்சு." "அப்பா, டவுன் முடிஞ்சுது." "அப்பா, பிவானே ஆறு வருது, பாலத்து மேலதான் போறோம், தண்ணிய பாத்து பயப்படாதீங்க." முதலில் சொல்ல வேண்டியதை மட்டும்தான் சொன்னாள். அப்புறம் வழியில் மேடும் பள்ளமும் கரும்புத் தோட்டமும் தவிர ஒன்றும் வரவில்லை, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. மூஸியின் சின்ன மகளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். சூப்பர் மார்க்கெட்டில் தன் கவுண்டரை மாற்றிவிட்டதைச் சொன்னாள். முப்பத்து நாலு வருஷத்தில் அப்பாவிடம் இவ்வளவு நேரம் ஒரேயடியாகப் பேசினது இல்லை. அவர் குறுக்கே பேசாததால்தான் இது முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள், உடனே கிளையின் நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி நம்ம மனுவக் கூப்பிட்டிருக்காங்கப்பா. ஜட்ஜு முன்னாடி. உங்ககிட்ட ஆஸ்பத்திரில சொன்னேனே, கேட்டுச்சா?"

இருபத்தைந்து வருஷத்து மனு அது. கிளிப்ஹூக் பண்ணையில் தாத்தா வருஷத்துக்கு ஆறு மாதம் கூலியில்லாமல் உழைத்தார். அதற்குக் குடிசை போட இடம், நாலு மாடு மேய்க்க இடம். அப்பாவும் அப்படியேதான் உழைத்தார். அப்புறம் கறுப்பர்களுக்கும் ஓட்டு வந்தது, கொடி மாறியது, இப்படி உழைத்தவர்கள் நிலம் கேட்டு மனுப் போடலாம் என்று சட்டமும் வந்தது. பதினோரு குடும்பம் சேர்ந்து போட்டார்கள். முதல் பேர் அப்பாவுடையது, பெகுயீசே மபாத்தா. ஃபைல் மூன்று தடவை தொலைந்து மூன்று தடவை கிடைத்தது. நடுவில் பண்ணை கை மாறியது. மாடுகள் போய்க் காட்டெருமையும் ஒட்டகச்சிவிங்கியும் வந்தன, அதைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள், கரண்டு வேலி வந்தது. அவர்களுடைய வீட்டை ஒரு காலை நேரத்தில் புல்டோசர் தள்ளியது. பதினோரு குடும்பமும் டவுன்ஷிப் எனும் கறுப்பர் குடியிருப்பில் தகர வீடுகளுக்குப் போனார்கள். உள்ளே மிஞ்சியது கல்லறைகளும், வேலி பார்க்கிற வேலையில் மூஸியும்தான். கமிட்டிக் கூட்டம் எதையும் அப்பா விட்டதில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்காருவார், பேசவே மாட்டார், கையெழுத்து நோட்டு வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்.

வேன் இறக்கிவிட்ட முச்சந்தியில் சவ வண்டியும் பின்னால் ஒரு பஸ்ஸும் காத்திருந்தன. பஸ் நிறைய டவுன்ஷிப் ஜனம், பாட்டு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. சவ வண்டியின் முன் சீட்டில் டிரைவருக்கும் சித்திக்கும் நடுவில் பகமிலே உட்கார்ந்தாள். "அப்பா, இது உங்க வண்டி. நீங்க பின்னாடியும் இருக்கீங்க, இங்கயும் இருக்கீங்க." டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொண்டார்.

பண்ணை கேட்டுக்கு வந்தபோது மணி பத்து. கேட்டு மூடியிருந்தது.

காவல்காரர் வெளியூர் ஆள், வயதானவர். கிளையைக் கண்டதும் பார்வையைத் தரையில் போட்டார். "நான் இப்பவே தொறந்துருவேன்மா. ரிமோட்டு தொரைகிட்டல்ல இருக்கு. இதோ வந்துருவாரு" என்று தரையைப் பார்த்தே சொன்னார். அப்போது உள்ளேயிருந்து ஒரு திறந்த ஜீப் வந்தது, தொப்பியும் கேமராவுமாக ஆறு விருந்தாளிகள். கேட்டு சத்தமில்லாமல் விலகியது. ஜீப் வெளியே வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் பெட்டியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஜீப் போனதும் கேட்டு அதே மாதிரி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அதன் பின்னாலேயே மேனேஜர் ரூடியின் பிக்கப் வந்து கேட்டுக்கு உள்பக்கம் நின்றது. பின்னால் நின்றுகொண்டு வந்தவன் மூஸி. முட்டிவரை செம்மண், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ரூடி வெள்ளைக்காரன், ஆனால் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். நாற்பது வயதுக்குள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவர்கள் ஊர் ஆள் பேசுகிற மாதிரிதான் இருக்கும், ஸுலு பாஷையில் அவ்வளவு சுத்தம். சின்னக் கேட்டு வழியாக வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றிச் சவ வண்டியின் பின்பக்கம் பார்த்துத் தலை குனிந்தான். "ஷாண்டு. வாங்க பெரியவரே" என்றான். குலப் பேரைச் சொல்லி, முறையாக. பஸ்ஸில் பாட்டு ஒரு கணம் தடுமாறியது.

பிறகு பகமிலே இருந்த முன் சீட்டைப் பார்த்தான். பார்வை கிளைக்குப் போயிற்று.

"அக்காவத் தொந்தரவு பண்ண வேணாம் மூஸி. அவங்க அப்பாவக் கூட்டிட்டு வர்றாங்க, இப்பப் பேசக் கூடாது. என்னை வளத்த அம்மா எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா. நீ வா. ரெண்டு நிமிஷ வேல."

சவ வண்டியின் முன்மூடிமேல் ஒரு காகிதத்தை விரித்தான். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தான்.

மேலே பச்சை நிறத்தில் வக்கீல் ஆபீஸ் முத்திரை. பகமிலேக்கு அதைப் படிக்கத் தேவையில்லை, மனப்பாடம். மூன்று மாதத்துக்கு முன் இதே காகிதத்தின் நகல் கமிட்டிக்கு வந்தது. பண்ணை இரக்கப்பட்டு அடக்கத்துக்கு இடம் தருகிறது. இந்தக் குடும்பத்துக்கு இந்த நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. போட்ட மனுவை இத்துடன் திரும்பப் பெறுகிறார்கள். இதுவே கடைசி அடக்கம். அந்தப் பதினோரு வீட்டில் ஒரு வீட்டுக்காரி மாஸ்வானே, புருஷனைப் புதைக்க அதில் கைநாட்டு வைத்திருந்தாள். சர்ச் ஹாலில் அறுபது பேருக்கு முன்னால் பகமிலே அவளை நிற்கவைத்துக் கேட்டாள். "ஒரு குழிக்காக நெலத்தையே குடுத்துட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? நாளைக்கு உங்க பேரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?" மாஸ்வானே கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். அப்பா அன்றும் கடைசி வரிசையில்தான் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "அந்தப் பொம்பளய நீ ஒக்கார விட்டுருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மூஸி சின்னக் கேட்டைத் தாண்டி வந்து பேனாவை வாங்குகிறான்.

பகமிலே சித்தியின் தொடையைக் கிள்ளினாள். "என்னடி? தண்ணியா?" என்றாள் சித்தி. இல்லையென்று தலையை ஆட்டினாள், மோவாயால் காகிதத்தைக் காட்டினாள். "வெயிலா? ஜன்னல ஏத்தவா?" சித்தி ஜன்னலை ஏற்றத் தொடங்கினாள். முன்கண்ணாடியை விரலால் தட்டினாள் பகமிலே. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் விடாமல். ரூடி திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூஸி திரும்பவே இல்லை. ஆறடி தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காதா? கேட்கிறது. அவன் கழுத்து விறைத்துப்போய் நிற்கிறது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இது அவனுக்குப் புதுசு இல்லை.

சித்தியைத் தள்ளிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தாள். கிளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள், முள் ரவிக்கையைத் தாண்டிக் குத்தியது. மூஸிக்கு எதிரே வண்டியின் மறுபக்கம் போய் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கிளையைப் பார்த்தாள்.

"அப்பா, கேட்டுக்கு வந்துட்டோம். கேட்டு மூடியிருக்கு." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், மைக்கில் பேசுகிற குரலில். "வண்டி மேல ஒரு பேப்பர் வச்சிருக்காங்கப்பா. மாஸ்வானே வீட்டுக்குக் குடுத்த அதே பேப்பரு. உங்க மகன் கையில பேனா இருக்கு."

பஸ்ஸில் பாட்டு நின்றேவிட்டது. ரூடி தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

மூஸி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தான். அவனும் அவளைப் பார்க்கவில்லை. கிளையைத்தான் பார்த்தான்.

"அப்பா, அக்காட்ட சொல்லுங்க. எனக்கு வியாழக்கிழமையே தெரியும்."

"அப்பா, தெரிஞ்சேதான் பண்றானாம்."

"ஆமாப்பா, தெரிஞ்சேதான். விடிகாலைல இருந்து தோண்டுறேன், எல்லாம் கல்லு. என் கையப் பாருங்க. டவுன்ஷிப் இடுகாட்டுல ரெண்டடி தோண்டினா தண்ணி. போன மழைக்கு ஒரு பொட்டி மேல வந்து மெதந்துச்சு, நாங்க நாலு பேரு போயிக் கட்டி இழுத்தோம். உங்கள அங்க போட என்னால ஆகாதுப்பா."

"அப்பா, நீங்க ரெண்டு கேட்டீங்க. உங்கம்மா பக்கம் கேட்டீங்க, மனுவையும் கேட்டீங்க."

மூஸி பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான். "என்கிட்ட நீங்க ஒண்ணுதானப்பா கேட்டீங்க."

அது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் டீ வாங்கப் போயிருந்த பத்து நிமிடம் மூஸி மட்டும் கட்டிலருகே இருந்தான். அப்பா இரண்டையும் இரண்டு பேருக்கும் சொல்லியிருப்பார் என்றுதான் இந்த நிமிடம்வரை நினைத்திருந்தாள். ஏன் அவனிடம் ஒன்று மட்டும்? இவனுக்கு அவ்வளவுதான் முடியும் என்றா, இல்லை, இவன் மேல் அதற்குமேல் சுமத்தக் கூடாது என்றா? கேட்கலாம். கேட்க ஆள் கையில்தான் இருக்கிறார்.

"அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி கோர்ட்டுப்பா" என்றாள். "மொத பேரு உங்களுது. நீங்க விலகிட்டீங்கன்னு இத எடுத்துட்டுப் போயி ஜட்ஜுகிட்ட நீட்டுவாங்க. அப்புறம் மத்த வீடும் ஒண்ணொண்ணா உதிரும். அதுக்குத்தான் இந்த இரக்கம்."

"அப்பா, பன்னெண்டாம் தேதி வரைக்கும் உங்கள ஐஸ்ல வைக்கலாமான்னு அக்காவக் கேளுங்க."

பஸ்ஸில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்பா, இவன் புள்ளைங்களுக்கு நாளைக்கு எங்க எடம்னு கேளுங்க."

"இன்னிக்கு எங்க படுக்குதுங்கன்னு அவளக் கேளுங்கப்பா!" மூஸியின் குரல் உடைந்தது. "இந்தக் கேட்டுக்கு உள்ளதான் படுக்குது. அந்த வீடு தொரையோடது. நான் இன்னிக்கு மாட்டேன்னு சொன்னா திங்கக்கிழம நான் எங்க நிப்பேன்? கமிட்டில நின்னு கத்துறதுக்கு அவளுக்கு ஒரு மைக்கு இருக்கு. எனக்கு என்னப்பா இருக்கு?"

ரூடி தொண்டையைச் செருமினான். "நான் வீட்டைப் பத்தி ஒரு வார்த்த சொல்லல மூஸி. அதுவும் இதுவும் வேற. என் கையில ஒண்ணுமில்ல, முதலாளிங்க வெளிநாட்டுல இருக்காங்க, பேப்பர் அனுப்பினா நான் குடுக்கறேன். உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம், திருப்பிக் கொண்டு போங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்தல." அவன் சொன்னது பொய்யும் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது, அப்பாவை அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதைப் பார்த்ததும் பகமிலேக்கு வாய்க்குள் பத்து வாக்கியம் முட்டிக்கொண்டு வந்தது. சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த வருஷம், புதைக்கிற உரிமை யாருக்கு, அதற்குக் கையெழுத்து கேட்பது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம், ஒன்று விடாமல். அவனைப் பார்த்து ஒரு நிமிடம் பேசினால் அந்தக் காகிதத்தை அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருப்பான். இதற்கு முன்னால் போயிருக்கிறான். அதனால்தான் இந்த நேரம் பார்த்தானா? இல்லை, இந்த நேரம் தானாக வந்ததா? அதையும் கேட்க முடியாது.

மூஸி வண்டியைச் சுற்றி அவள் பக்கம் வந்தான். கையில் காகிதம், மறு கையில் பேனா. முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"அக்கா. அப்பாகிட்ட சொல்லாத. என்கிட்ட சொல்லு. வேணாம்னு என்னப் பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. இங்கயே கிழிச்சுப் போட்டுட்டு வேலையும் வேணாம்னு வந்துர்றேன், சத்தியமா. டவுன்ஷிப்லயே பொதைப்போம். ஒரு வார்த்த."

அவன் சும்மா சொல்லவில்லை. கிழிப்பான். சின்ன வயதில் அவன் ஒரு காரியம் செய்வதற்கு முன்னால் கீழுதடு இப்படித்தான் உள்ளே போகும்.

வேணாம். மூன்றெழுத்து. அவள் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான், அதிகாரிகளிடம், வக்கீல்களிடம், டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பேச வந்தவர்களிடம். இப்போது அதைச் சொன்னால் அப்பா இந்தக் கேட்டு வாசலில், காவல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் காட்டெருமைப் படம் போட்ட போர்டுக்கும் நடுவில் இறங்கி நிற்பார். தன் அம்மாவின் குழிக்கு அரை மைல் முன்னால். ஜீப்புகள் வரும், போகும், கேட்டு திறக்கும், மூடும், அவர் நின்றுகொண்டே இருப்பார், கோட்டு மாட்டிக்கொண்டு. சொல்லாவிட்டால் மிச்சமிருக்கிற பத்துக் குடும்பத்தின் மனுவும் போகும். இது அறிவு கெட்ட கணக்கு, செத்த மனுஷன் எங்கேயும் நிற்கமாட்டான், நீ படித்தவள்தானே என்று உள்ளே ஒரு குரல். அப்படியென்றால் நீ காலையிலிருந்து யாரிடம் பேசிக்கொண்டு வந்தாய் என்று இன்னொன்று.

"அக்கா" என்றான் மூஸி.

அவள் வாயைத் திறந்தாள். உதடு அந்த வார்த்தைக்குத் தயாரானதைக்கூட அவன் பார்த்திருப்பான்.

"அப்பா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

மூஸி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு குனிந்து, காகிதத்தைத் தன் தொடையின்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டான். செம்மண் பட்ட கட்டைவிரல் அடையாளமும் கூடவே விழுந்தது, யாரும் கேட்காமலேயே. ரூடி அதை வாங்கி ஊதினான், மடித்தான், "நன்றி, ஷாண்டு" என்றான். எந்த ஷாண்டுவுக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து யாரோ இறங்கி வருகிற சத்தம். மாஸ்வானே. பகமிலே உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். மாஸ்வானே, நழுவியிருந்த துக்கப் போர்வையை இழுத்து பகமிலேயின் இரண்டு தோளையும் மூடி, கழுத்துக்குக் கீழே ஊக்கைக் குத்தினாள். குத்திவிட்டுத் திரும்பிப் போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கேட்டு திறந்தது.

"அப்பா, கேட்டு தொறந்துருச்சு. உள்ள போறோம்." சொல்லித்தானே ஆக வேண்டும். "எடது பக்கம் நம்ம மாட்டுத் தொழுவம் இருந்துச்சே, அங்க இப்ப விருந்தாளிங்க குளிக்கிற தொட்டி. அப்பா, மேடு வருது." குரல் அவளுடையது மாதிரியே இல்லை, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. கிளையில் கனம் இருக்கிறதா இல்லையா என்று மணிக்கட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள். காலையில் இருந்ததா? அப்போது அவள் கவனிக்கவில்லை. அப்பாவிடம் சொல்வதாகச் சொல்லித் தம்பியிடம் பேசினாளே, அது யாரிடம் பேசினது? அவருக்குத் தெரியாதா? அங்கேயே இறங்கிவிட்டாரா? இல்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறாரா?

கல்லறைகள் முள்மரக் கூட்டத்துக்குக் கீழே இருந்தன, ஏழு கல் குவியல்கள். எட்டாவது இடத்தில் குழி, ஓரமெல்லாம் சீராக, மூஸியின் வேலை. பதினோரு மணிக்கு விருந்தாளிகள் இந்தப் பக்கம் வருவார்கள் என்று ரூடி சொல்லியிருந்ததால் பாதிரியார் சுருக்கமாகவே ஜெபித்தார். ரூடி தள்ளி நிழலில், தொப்பியைக் கழற்றி நின்றான். ஆறு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், தலைமாட்டில் மூஸி. பெட்டி பலகையிலிருந்து எழும்பி, குழிக்கு நேராக வந்து, மெல்ல இறங்கத் தொடங்கியது. பாட்டு தணிந்தது. இனி அவள் சொல்ல வேண்டும். வீடு வந்துவிட்டது, இது உங்கள் இடம், இங்கே இருங்கள். அதைச் சொல்லிக் கிளையைப் பெட்டிமேல் போட்டால்தான் அவர் இறங்குவார், அதன் பிறகுதான் பெட்டி அடியைத் தொடலாம். அதன் பிறகு அவள் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்.

குழியின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"சொல்லுடி" என்றாள் சித்தி. "எடம் வந்துருச்சுன்னு சொல்லு."

"அப்பா" என்றாள் பகமிலே. "இது..." உங்கள் இடம் இல்லை என்று கேட்டிலேயே கையெழுத்தாகிவிட்டதே, அதை எப்படிச் சொல்வது?

கயிறு பிடித்தவர்கள் நிறுத்தினார்கள். பெட்டி பாதிக் குழியில் நின்றது, தரைக்கு இரண்டு முழம் கீழே, அடிக்கு மூன்று முழம் மேலே. ஆறு பேரும் காலை அகட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றார்கள். முன்கைகளில் நரம்பு எழும்பியது. ஓரத்திலிருந்து செம்மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து பெட்டியின் மூடிமேல் விழுந்தது. கயிறு முனகியது. மூஸியின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து கயிறு அந்த இடத்தில் ஈரமானது, அவன் பிடியை மாற்றவில்லை, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.